பேர் கேட்காத பந்தி

வடலூர் தருமசாலையில் காலைப் பந்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டியால் தலையை முக்காடிட்ட சன்மார்க்க அன்பர்கள், காவி கட்டிய பரதேசிகள், கைக்குழந்தையோடு ஒரு பெண், தோளில் மூட்டையும் கையில் கம்புமாக ஒரு முதியவர், வேனில் வந்து இறங்கிய ஒரு பெரிய குடும்பம். யாரும் யாரையும் தள்ளவில்லை. சோறு உண்டு என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டால் பசிக்கும் பொறுமை வந்துவிடுகிறது.

நான் தூணோரம் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பேச எனக்கு ஒன்றும் இல்லை. பார்க்க நிறைய இருக்கிறது.

உள்ளே நீளமான அடுப்பு எரிகிறது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி, வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் இந்தச் சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையவே இல்லை என்பதால் ‘அணையா அடுப்பு’ என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. பார்வதிபுரம் என்ற ஊரின் மக்கள் சுமார் எண்பது காணி நிலத்தைச் சாலைக்காகக் கூடி எழுதிக்கொடுத்தார்கள். உழுது பிழைக்கிறவர்களுக்கு நிலம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. முகம் தெரியாத ஒருவரின் வயிற்றுக்காக அதை விட்டுக்கொடுத்தார்கள். வள்ளலார் வரலாற்றைப் படிக்கும்போது இந்த ஊர்க்காரர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அடுப்புக்கு முதல் விறகு அவர்கள் போட்டது.

அடுப்பின் முன்னால் நிற்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் துண்டு. முழங்கை வரை கரி. அண்டாவில் கொதிக்கும் உலையை நீண்ட துடுப்பால் கிளறுகிறார். பிறகு குனிந்து, விறகை ஒரு விரற்கடை வெளியே இழுக்கிறார். தீ தணிகிறது. துடுப்பு நுனியில் நாலு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு அந்த விறகை மறுபடி உள்ளே தள்ளுகிறார். கோயிலில் தீபாராதனை காட்டும் குருக்களின் முகத்தில் என்ன கவனம் இருக்குமோ, அதே கவனம் இந்த முகத்திலும்.

வாசல் பக்கம் ஒரு பாட்டி வருகிறாள். மஞ்சள் பையில் அரிசி. இரண்டு படி இருக்கலாம். பொருள் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் பேனாவை எடுக்கிறான்.

“பேர் சொல்லுங்க ஆயா, எழுதிக்கிறேன்.”

“எம் பேரு எதுக்குடா? அரிசின்னு எழுதிக்க.”

“ரசீது வேணாமா?”

“அதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? பைய மட்டும் குடு.”

அரிசியைக் கொட்டிவிட்டுப் பையை உதறுகிறாள். மூலையில் ஒட்டியிருந்த சில அரிசிகளையும் விரலால் தட்டிக் குவியலில் சேர்க்கிறாள். பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். பிறகு போய்ப் பந்தி வரிசையின் கடைசியில் நிற்கிறாள். கொடுத்தவளும் அவள்தான், இப்போது சோற்றுக்குக் காத்திருப்பவளும் அவள்தான். அந்த வரிசையில் அவளைக் கொடையாளி என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கதவு திறக்கிறது. தரையில் வரிசையாக உட்காருகிறார்கள். வள்ளலாரின் மகாமந்திரத்தை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். தெரியாதவர்கள் சும்மா இருக்கிறார்கள், அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. பரிமாற வந்தவர் வேனில் வந்த குடும்பத்துத் தலைவரையும் “அய்யா” என்கிறார், கந்தல் சட்டைக்காரரையும் “அய்யா” என்கிறார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

வரிசை நடுவில் ஒருவர் தள்ளாடி வந்து உட்காருகிறார். சாராய வாடை தூண் வரைக்கும் வருகிறது. பக்கத்தில் இருந்தவர் சற்று நகர்ந்துகொள்கிறார். பரிமாறுபவர் அவர் முன் வந்து நிற்கிறார். உபதேசம் வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன். “கைய எடுங்கய்யா, சூடா இருக்கு” என்று மட்டும் சொல்லிப் போடுகிறார். அந்த மனிதர் முதல் கவளத்தைக் குழந்தையைப் போல அவசரமாக விழுங்குகிறார். இரண்டாவது தரம் சோறு வந்தபோது தலை நிமிராமலே கை காட்டுகிறார். போட்டுவிட்டு நகர்கிறார் பரிமாறுபவர்.

கொஞ்ச தூரத்தில் சத்திய ஞானசபை. எண்கோண வடிவில், 1872இல் வழிபாடு தொடங்கிய இடம். கொலையும் புலையும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று அங்கே நிபந்தனை உண்டு. தருமசாலைக்கு அந்த நிபந்தனை கிடையாது. புலால் உண்பவரைத் தம் வழிக்குப் புறம்பானவர் என்று கருதிய வள்ளலார், பசி என்று வந்துவிட்டால் அவருக்கும் சோறிட வேண்டும் என்று ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் எழுதினார். கொள்கையில் அவ்வளவு கறாரான ஒரு மனிதர் அந்தக் கொள்கையைச் சோற்றுப் பானையின் மேல் மூடியாக வைக்கவில்லை. அறம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

அந்த நூலில் பசியை அவர் விவரிக்கும் இடத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அறிவு மயங்குவதும், கண் குழி விழுவதும், காது இரைவதும், நா வறள்வதும் என்று உடம்பின் ஒவ்வொரு கூறாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போவார். பசித்தவனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரின் எழுத்து அது. பசி வந்தால் உள்ளே இருக்கும் கடவுள் விளக்கமும் மறைந்துபோகும் என்பது அவர் கண்ட உண்மை. அப்படியானால் ஒரு கவளம் சோறு என்பது அணையப்போகும் அந்த விளக்கை ஏற்றிவைப்பது. எனவேதான் மோட்ச வீட்டின் திறவுகோலே ஜீவகாருண்யம் என்றார்.

வள்ளலார் 1874இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கில் செத்தார்கள். அரசாங்கமும் நிவாரணம் கொடுத்தது. ஆனால் பசி உண்மைதானா என்று சோதித்துக் கொடுத்தது. கல்லுடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும், அதற்குப் பிள்ளைகுட்டிகளோடு ஊரை விட்டுத் தொலைவில் உள்ள முகாமுக்கு நடக்க வேண்டும். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வகுத்த கணக்கின்படி, வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். தகுதியில்லாதவன் ஒருவன் தின்றுவிடக் கூடாதே என்ற கவலை, தகுதியுள்ளவர்களின் உயிரை வாங்கிய காலம் அது. அன்று கேட்கப்பட்ட கேள்விகளை இந்தப் பந்தியில் உட்கார்ந்து நினைத்தால், கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தானம் என்று புரிகிறது.

தானத்தைப் பலிக்கும் மேலாக வைத்தது வடலூர் மட்டும் அல்ல. சமயங்கள் பலவற்றிலும் பலி உண்டு. தெய்வத்தின் முன் எதையாவது விட்டால்தான் மனிதனுக்கு மனம் ஆறுகிறது. ஆனால் பல சமயங்களில் ஒரு குரல் எழுந்து அந்தப் பலியைப் பீடத்திலிருந்து பந்திக்குத் திருப்பியிருக்கிறது. பெரும் யாகம் செய்ய வழி கேட்ட கூடதந்தன் என்ற பிராமணனிடம், உயிர் எதுவும் கொல்லப்படாத ஒரு வேள்வியைப் பற்றிச் சொன்னார் புத்தர். அதைவிடவும் இடைவிடாத தானம் மேல் என்றார். பலியைவிட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்று ஓசியா தீர்க்கதரிசி சொன்னதை இயேசு எடுத்துச் சொன்னார். அறுத்த பிராணியின் இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சென்றடைவதில்லை, இறையச்சமே அடைகிறது என்கிறது குர்ஆன். பக்ரீத் இறைச்சியில் ஏழைக்கு ஒரு பங்கு ஒதுக்குவது அதன் நடைமுறை. ஆயிரம் வேள்வியைவிட ஓருயிரைக் கொன்று தின்னாதிருப்பது நல்லது என்ற வள்ளுவரும் இந்த வரிசையில் நிற்கிறார். வடலூரில் அந்தக் குரல் அடுப்பாகவே எரிகிறது.

பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் வீட்டு அடுப்பும் அப்படி எரிந்ததுதான். மழை இருட்டில் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் குந்துமணி அரிசி இல்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னவர் மாறனாரின் மனைவி. விறகுக்குக் கூரை மரம், கறிக்கு முற்றாத கீரை. விதைநெல்லைச் சமைப்பது என்பது அடுத்த ஆண்டைச் சமைப்பது. அந்தத் தியாகத்தின் முன் தலை தானாகக் குனிகிறது.

ஆனால் எல்லோரும் மாறனார் ஆக வேண்டும் என்று வள்ளலார் கேட்கவில்லை. குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு அயலாருக்கு இடுவதும் முறையல்ல, குடும்பத்துக்கு மட்டுமே இட்டு அயலாரை மறப்பதும் முறையல்ல என்றார். வீட்டுச் செலவைக் கொஞ்சம் சுருக்கிப் பசித்தவருக்கு இடச் சொன்னார். கல்யாணம் காட்சி என்று ஆடம்பரத்தில் இறைக்கும்போது, பசித்தவரை நினைக்கச் சொன்னார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒருநாள் உணர்ச்சிவேகத்தில் எதையும் தூக்கிக் கொடுத்துவிடலாம். நாள் தவறாமல் ஒரு படி குறைத்துக்கொள்வதற்குத்தான் அதிக மனஉறுதி வேண்டும்.

அதைச் செய்பவர்களைக் கண் முன்னால் பார்க்கிறேன். மூலையில் ஒருவர் பூசணிக்காய் அரிந்துகொண்டிருக்கிறார். நான் வந்தபோது தொடங்கியவர் இன்னும் நிமிரவில்லை. முதல் பந்தி எழுந்த இடத்தில் இளைஞன் ஒருவன் குனிந்து துடைக்கிறான். குழந்தை சிந்திய சோறு, குடித்துவிட்டு வந்தவர் சிந்திய சாம்பார், எல்லாம் ஒரே துணியில் போகின்றன. பாட்டி சாப்பிட்டு முடித்துவிட்டாள். பரிமாறியவரைப் பார்த்து, “ரசத்துல புளி கொஞ்சம் கூடப்பா” என்கிறாள். “நாளைக்குக் குறைச்சிடறோம் ஆயா” என்கிறார் அவர். தானச் சோற்றில் குறை சொல்ல உரிமை இருக்கிற இடம் இது. நன்றி சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இந்த நாளில் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வெள்ளம் வந்தால் வீடு வீடாகப் பொட்டலம் வருகிறது. ஆனால் பொட்டலத்தின் மேல் யாருடைய படமாவது ஒட்டியிருக்கிறது. வாங்குகிறவரின் நீட்டிய கையும் கூனிக் குறுகிய முகமும் செல்போனில் பதிவாகி ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. ஐந்து கிலோ அரிசிக்கு விலையாக ஒரு மனிதரின் மானத்தை வாங்கிக்கொள்கிறோம். அது வியாபாரம். அதுவும் நியாயமில்லாத வியாபாரம்.

தருமம் என்பது நம்மிடம் மிஞ்சியதைக் கொடுப்பதோடு முடிவதில்லை. கொடுக்கும்போது நமக்குக் கிடைக்கிற உயரத்தையும் சேர்த்து இறக்கிவைக்க வேண்டும். நீ யார், ஏன் உழைக்கவில்லை, குடித்தாயா, என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்கும் அதிகாரம் கொடுக்கும் கைக்குத் தானாக வந்துசேர்கிறது. பொருளைவிட அந்த அதிகாரத்தை விடுவதுதான் கடினம். அதனால் அதை விடுவதற்கே தியாகம் என்ற பெயர் தகும். படத்தை எடுத்துவிட்டு, பெயரை அழித்துவிட்டு, விசாரணையை நிறுத்திவிட்டுக் கொடுப்போம். ஒரு படி அரிசியானாலும் அப்போதுதான் அது தருமக் கணக்கில் சேரும்.