புகலிடமும் நீதியும்: வன்னியை முன்வைத்து ஒரு நோக்கு

வன்னிப் போர் பிற நாடுகளின் வாயிலுக்கு இருவகையினரை அனுப்பியது. ஒரு சாரார் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் முகவருக்குப் பணம் கொடுத்து, பிறர் பெயரிலான கடவுச்சீட்டோடு விமானமேறியோர். அல்லது பழுதடைந்த கப்பல்களில் ஆழ்கடலைக் கடந்தோர். மற்றைய சாரார் இராசதந்திரக் கடவுச்சீட்டோடு தூதுவர்களாகவும் பிரதித் தூதுவர்களாகவும் சென்ற படைத்தளபதிகள். முதற் சாராரிடம், “போரிலே நீ என்ன செய்தாய்?” என்ற வினா தொடுக்கப்பட்டது. மற்றைய சாராரை அவ்வினா வாயிலிலே தடுத்து நிறுத்தவில்லை. இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கே, போர்க்குற்றஞ் சாட்டப்பட்டோரை உலகம் கையாளும் முறையின் குறைபாடு தெளிவாகப் புலப்படும்.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிகழ்ந்தவை பற்றி ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. பாதுகாப்பு வலயங்கள் மீதும் வைத்தியசாலைகள் மீதும் அரச படையினர் எறிகணை வீசினர் என்பதும், விடுதலைப் புலிகள் மக்களைத் தடுத்துவைத்துத் தப்பியோட முயன்றோரைச் சுட்டனர், சிறுவரைப் படையிற் சேர்த்தனர் என்பதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளென அக்குழு கண்டது. இறந்த பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கலாம் என்றும் அது கூறியது. ஆகவே இருதரப்பிலும் விசாரணைக்குரியோர் உளர் என்பதை மனங்கொண்டே இப்பொருளை அணுகுதல் வேண்டும்.

1951ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி செனீவாவிலே ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகள் சமவாயம் இரண்டாம் உலகப் போரின் அழிவிலிருந்து பிறந்தது. துன்புற்றோருக்குப் புகலளிக்க எழுந்த அவ்வாவணம், துன்புறுத்தியோர் அவர்களிடையே கலந்து மறைந்துகொள்ளலாகாது எனவும் கருதிற்று. ஆதலின் அதன் முதலாம் உறுப்புரையின் ‘எஃப்’ பிரிவு, ஒருவர் போர்க்குற்றமோ மானிடத்துக்கெதிரான குற்றமோ புரிந்தார் எனக் கருதுதற்குப் பாரதூரமான காரணங்கள் இருப்பின், அவருக்கு அகதி நிலை இல்லை என விதித்தது. குற்றவியல் வழக்கிலே வேண்டப்படுவது போன்று நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் இங்கு வேண்டியதில்லை. இதன் பயனாக, குடிவரவு அதிகாரி ஒருவரின் மேசையிலேயே ஒருவர் போர்க்குற்றவாளியெனக் கருதப்பட்டு விடலாம்.

இதற்கு எல்லை வகுத்த வழக்கொன்று வன்னிக்கு அண்மையானது. தீர்ப்பில் ஜே.எஸ். என்ற எழுத்துகளால் மட்டும் சுட்டப்படும் அவர், பத்து வயதிலே புலிகளோடு சேர்ந்தவர். பதினாறு வயதிலே காட்டுப் போரில் அணியொன்றை நடத்தியவர். பின்னர்ப் புலனாய்வுப் பிரிவிலே பொறுப்புகள் வகித்தவர். 2007இற் பிரித்தானியாவை அடைந்து புகலிடம் கோரினார். போர்க்குற்றங்கள் புரிந்த இயக்கத்திலே பொறுப்பு வகித்தார் என்பதனால் அவரது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 2010 மார்ச் 17ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் அம்முடிவு பிழையான அடிப்படையில் எடுக்கப்பட்டதெனக் கண்டு, மீளாய்வு செய்யுமாறு பணித்தது. இயக்கத்தின் பெயரை மட்டும் நோக்குதல் போதாது. ஒருவர் எவ்வாறு சேர்ந்தார், விலகிச் செல்ல வாய்ப்பிருந்ததா, எதனை அறிந்திருந்தார், குற்றச் செயல்களுக்குத் தம் விருப்போடு கணிசமான பங்களிப்பைச் செய்தாரா என்பன ஆராயப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பத்து வயதுப் பாலகரும் போருக்குட் சென்ற மண்ணிலே இத்தீர்ப்பு எத்துணை முக்கியமானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடிநிலையிலிருந்தோர் வினாவுக்கு விடையிறுக்க, மேல்நிலையிலிருந்தோர் கதை வேறாயிற்று. புலிகளின் கிழக்குத் தளபதியாயிருந்து 2004இற் பிரிந்த கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன், வேறொருவர் பெயரிலான இராசதந்திரக் கடவுச்சீட்டோடு இலண்டன் சென்று 2007 நவம்பரிற் கைதானார். கடவுச்சீட்டுக் குற்றத்துக்காக ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. போர்க்குற்றம் தொடர்பில் வழக்குத் தொடரப் போதிய சான்றில்லை எனப் பிரித்தானிய வழக்குத் தொடுநர் முடிவுசெய்தனர். 2008இல் நாடுகடத்தப்பட்ட அவர், அவ்வாண்டே இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினரானார்; அடுத்த ஆண்டில் அமைச்சரானார்.

கிளிநொச்சியைக் கைப்பற்றிய படைகளுள் ஒன்றான 57ஆவது படைப்பிரிவின் தளபதி ஜகத் டயஸ், யேர்மனிக்கும் சுவிற்சலாந்துக்கும் பிரதித் தூதுவரானார். அவருக்கெதிராக முறைப்பாடுகள் எழுந்த 2011இலே நாட்டுக்கு மீள அழைக்கப்பட்டார். 58ஆவது படைப்பிரிவின் தளபதி சவேந்திர சில்வா மீது நியூயோர்க்கிலே தொடுக்கப்பட்ட வழக்கு, இராசதந்திர விலக்குரிமை காரணமாக 2012இலே தள்ளுபடியாயிற்று. வன்னிப் பாதுகாப்புப் படைத் தளபதியாயிருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலிலே தூதுவராயிருந்தார்; 2017 ஆகத்தில் அங்கும் கொலம்பியாவிலும் முறைப்பாடுகள் பதிவாகுமுன்னரே நாடு திரும்பினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துள்ளார். 2025 மார்ச்சிலே பிரித்தானியா சவேந்திர சில்வா, ஜகத் ஜயசூரிய, முன்னாட் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, கருணா ஆகிய நால்வருக்கும் பயணத் தடை விதித்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர்த் தன் சிறையில் வைத்திருந்தவரையே அந்நாடு இப்பொழுது, “வராதே” என்றது.

இந்நிகழ்ச்சிகள் யாவற்றிலும் பொதுவானதொன்றுண்டு. சந்தேகத்துக்குரியவர் திருப்பி அனுப்பப்பட்டார். அல்லது தாமே திரும்பினார். அல்லது வரவிடாது தடுக்கப்பட்டார். வெளியேற்றிய நாட்டுக்குச் சுமை நீங்கிற்று. சாட்சி சொல்லக் காத்திருந்தோருக்கோ எதுவும் கிட்டவில்லை. குற்றமற்றவராயின் அதனை நிறுவும் வாய்ப்புச் சாட்டப்பட்டவருக்கும் கிட்டவில்லை.

முல்லைத்தீவு வற்றாப்பளையிலே வைகாசி தோறும் கண்ணகிக்குப் பொங்கலிடும் மக்களுக்கு இக்குறை விளங்காததன்று. பாண்டியன் செய்த பிழை கோவலனைத் தீர விசாரியாது தண்டித்தமை. கண்ணகி அரசவைக்குச் சென்று செய்ததோ சிலம்பை உடைத்துச் சான்று காட்டியமை. சாட்டப்பட்டவனை ஆராய்தலும் முறையிட்டவளைச் செவிமடுத்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகள் என்பதை அக்கதை வழிவழியாக உணர்த்தி வருகின்றது.

இஃது இயலாத காரியமன்று. சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லான் புகலிடம் நாடி யேர்மனி சென்றவர். அவரைத் திருப்பி அனுப்பாது, கொப்ளென்ஸ் நகர நீதிமன்றிலே நிறுத்தினர். சிரியாவிலிருந்து தப்பியோடி வந்த அகதிகளே அங்கு சாட்சியமளித்தனர். 2022 சனவரியில் அவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. புகலிட விசாரணையும் குற்றவியல் விசாரணையும் கைகோக்கும்பொழுது எது சாத்தியமாகும் என்பதற்கு அவ்வழக்கு சான்றாகும்.

வன்னியிலும் நீதிமன்றக் கதவு தட்டப்படாமலில்லை. 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலிலே படையினரிடம் சரணடைந்த எழிலன் குறித்து, அவர்தம் மனைவி அனந்தி சசிதரன் தொடுத்த ஆட்கொணர்வு மனுவிலே வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில், இராணுவம் அவரை முன்னிலைப்படுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. அவர் முன்னிலைப்படுத்தப்படவில்லை. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி ரீ. சரவணராஜா, தம் உயிருக்கு அச்சுறுத்தலுண்டெனக் கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். நீதிபதியே வெளியேறும் மண்ணிலிருந்து, சாட்சி மட்டும் எங்ஙனம் அச்சமின்றிப் பேசுவது? பிற நாட்டு நீதிமன்றங்களின் தேவை இங்குதான் உறுதிப்படுகின்றது.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களுட் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். ஒவ்வொரு தாயின் மறைவோடும் ஒரு சாட்சியம் மறைகின்றது. சான்று போதாதெனக் கூறிக் கோப்பை மூடும் எந்நாட்டு வழக்குத் தொடுநரும், அச்சான்றை வழங்கவல்லார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். அவர்கள் இருக்கும்பொழுதே வந்து கேட்டல் வேண்டும்.