நான் தப்பாகத் திருத்திய ஒரு விடைத்தாள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பொன்னேரியிலிருந்து பேரன் வந்திருந்தான். பத்தாம் வகுப்பு. கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டி, "ஆயா, நீ எந்த ரெண்டு பொருளைச் சொன்னாலும், சேர்த்தா என்ன வரும்னு இது சொல்லிடும்" என்றான்.

துத்தநாகமும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் என்றேன். துத்தநாகக் குளோரைடு, ஹைட்ரஜன் என்று சமன்பாட்டையே சமன் செய்து காட்டியது. கரும்பலகையில் உங்களோடு ஒரு பாடவேளை முழுக்க நான் மல்லுக்கட்டிய வேலை! சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா? சமையல் உப்புக் கரைசலோடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைச் சேர்க்கச் சொன்னேன். பொட்டாசியம் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும் வரும் என்றது. உண்மையில் அங்கே வினையே இல்லை. வீழ்படிவும் இல்லை, வாயுவும் இல்லை. நான்கு அயனிகளும் தண்ணீரில் தனித்தனியாகத்தான் திரியும். செயலி வெறுமனே ஜோடியை மாற்றிப் போட்டிருக்கிறது. பேரன் அதை அப்படியே நோட்டில் எழுதப் போனான்.

எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே கோரி என்ற வேதியியல் பேராசிரியர் கணினியை இந்த வேலைக்குப் பழக்கத் தொடங்கினார். அவர் கேட்டது தலைகீழ்க் கேள்வி: இந்தப் பொருள் வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்குவது? 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2018இல் ஐபிஎம் நிறுவனம் இணையத்தில் திறந்த மென்பொருள், காப்புரிமை ஆவணங்களில் உள்ள ஏராளமான வினைகளைப் படித்துப் பழகியது. ஒரு மொழியை இன்னொரு மொழிக்கு மாற்றுவது போல, வினைபடுபொருளிலிருந்து விளைபொருளைச் சொல்கிறது. பெரிய சாதனைதான்.

கடைசியாக நம் ஊர் வினை ஒன்றைப் பேரனிடம் கொடுத்தேன். சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும். "கால்சியம் ஹைட்ராக்சைடு" என்று வந்தது. சரியான விடை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மனசு கனத்துப் போனது.

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இதே கேள்வியைக் கேட்டிருந்தேன். "சுட்ட சுண்ணாம்புடன் நீர் சேர்த்தால் என்ன கிடைக்கும்?" குப்பத்துப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "சூடு கிடைக்கும். புகை வரும். கை வெந்துபோகும்." சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு 2 மதிப்பெண்ணையும் குறைத்தேன். அதோடு விட்டேனா? வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பழவேற்காட்டு ஏரியில் கிளிஞ்சல் வாரிக் காளவாயில் சுடும் வேலைக்குப் போன குடும்பம் அவனுடையது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். நன்றாகச் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும், 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். அந்தச் சுட்ட சுண்ணாம்பில் 56 கிராம் எடுத்துத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 65 கிலோஜூல் வெப்பம் வரும். ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்க அது போதும். வெப்ப உமிழ்வினை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவன் அந்தச் சொல் தெரியாமல் பொருளை மட்டும் எழுதினான்.

பிறகு ஒரு நாள் அவன் அம்மா பள்ளிக்கு வந்து, "டீச்சரம்மா, பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டார். கும்பிட்ட கைகளைப் பார்த்தேன். விரலெல்லாம் வெந்து வெடித்துத் தழும்பேறியிருந்தது. அப்போதாவது விடைத்தாளைத் திருத்தியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. எட்டாவதோடு அவன் படிப்பை நிறுத்திப் படகுக்குப் போய்விட்டான். என்னால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் அவனைப் பிடித்து வைக்க நானும் ஒன்றும் செய்யவில்லை.

அந்தச் செயலியும் அன்றைய என்னைப் போலத்தான். விளைபொருளைச் சொன்னது, சூட்டைச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் விடை வந்ததும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்த வினை உண்மையிலேயே நடக்குமா? எந்த நிலையில் நடக்கும்? நடக்கும்போது சூடோ வாயுவோ வந்து யாருக்காவது ஆபத்து உண்டா? பேரனிடமும் இதைத்தான் சொன்னேன். உப்புக் கணக்கை அடித்துவிட்டு "வினை இல்லை" என்று எழுதிக்கொண்டான்.

அந்தப் பையனின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள். அம்மா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. அவன் எழுதியது சரி, திருத்தியதுதான் தப்பு என்று டீச்சர் எல்லார் முன்னாடியும் சொன்னதாகச் சொல். அந்த 2 மதிப்பெண்ணோடு மன்னிப்பும் சேர்த்து.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்