நேற்றைய ரொட்டி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஆளாளுக்கு ரோபோ, விண்வெளி என்று எழுதக் கிளம்பிவிட்டீர்கள். நான் எழுதப்போவது ஒரு ரொட்டியைப் பற்றி. அதுவும் நேற்றைய ரொட்டி! சிரிக்காமல் படியுங்கள்.

எனக்கு ஊர் தேவதானம். நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர் கோயிலும், சாஸ்தா கோவில் அருவிக்குப் போகிற மலைப்பாதையும்தான் எங்கள் ஊருக்கு அடையாளம். அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் காவல் வேலை. அம்மா ராஜபாளையத்தில் ஒரு பேக்கரியில் தட்டு கழுவுகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்.

ராத்திரி கடை அடைக்கும்போது மிஞ்சிய பன்னை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். காலையில் அது கட்டையாகிக் கிடக்கும். அம்மா இட்லிச் சட்டியில் துணி விரித்து, பன்னை வைத்து, இரண்டு நிமிடம் ஆவி காட்டுவாள். பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடப் பலகாரம். ஏழாவது படிக்கும்போது ஒருவன் கேட்டான், "ஏலே, இது நேத்து மிஞ்சுனதுதான?" வகுப்பே சிரித்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் பன்னைக் கம்மாயில் வீசினேன். அன்று மட்டுமா? அந்த வருடம் முழுக்க வீசினேன். அம்மா கேட்டால், "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிடுவேன்.

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காகப் புதுச்சேரியில் இரண்டு வாரம் தங்கினேன். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அல்லவா? அவர்களுடைய ரொட்டி வகைகள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அதில் ஒன்று க்ரோசான். பிறை மாதிரி வளைந்திருக்கும். நம்ம ஊர் பப்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவுக்குள் வெண்ணெயைப் பலகை மாதிரி வைத்து, தேய்த்து, மூன்றாக மடிக்கிறார்கள். இப்படி மூன்று முறை. 3×3×3... ஆக 27 வெண்ணெய் அடுக்கு! அடுப்பில் வைத்ததும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிவிடுகிறது. சுட்ட அன்று மொறுமொறு. மறுநாள் தொய்ந்துவிடும்.

அறைக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். வெறும் க்ரோசான் ஒன்று, பாதாம் வைத்தது இன்னொன்று. பாதாம் வைத்ததற்கு விலை கூடுதல். மாஸ்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பாதாம் வச்சதெல்லாம் நேத்து மிஞ்சுனது தம்பி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! "புதுசு இதுக்கு ஆகாது. பாகுல முக்குனா கொழகொழன்னு போயிரும். ஒரு நாள் காஞ்சதுதான் பாகைக் குடிச்சிட்டும் அப்படியே நிக்கும். பிரான்சுலயும் இதே கதைதான்" என்று சிரித்தார். இன்று சுட்டதைவிட நேற்று மிஞ்சியதற்கு விலை அதிகம்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிளம்பும் நாளில் நேற்றையது ஆறு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் பிரித்ததும் அம்மா, "என்னய்யா இது, நண்டு மாதிரி இருக்கு?" என்றாள். செய்முறையைச் சொன்னேன். 100 கிராம் பாதாமுக்கு அதே எடை சீனி, அதே எடை வெண்ணெய், இரண்டு முட்டை. பாதாம் விலைக்கு 50 கிராம்தான் கட்டுப்படியானது. மீதி 50 கிராமுக்கு வறுத்த நிலக்கடலை. பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, உலர்த்தி, கடலையோடு மிக்சியில் பொடித்தோம். எதிர்வீட்டுப் பாட்டி கடைந்த வெண்ணெய் கொடுத்தார். எல்லாவற்றையும் குழைத்து விழுதாக்கினோம். க்ரோசானைக் குறுக்கே பிளந்து, ஏலக்காய் தட்டிப்போட்ட சீனிப்பாகில் ஒரு முக்கு முக்கி, உள்ளே விழுதைத் தடவி மூடி, மேலேயும் கொஞ்சம் பூசினோம்.

அவன் எங்கே இருக்கிறது எங்கள் வீட்டில்? பழைய சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, விறகடுப்பில் சூடேற்றி, உள்ளே தட்டு வைத்து மூடினேன். முதல் இரண்டும் அடி கரி, மேலே பச்சை! டிப்ளமோ படிப்பு கை கொடுக்கவில்லை. அம்மாதான், "கீழ மட்டும் எரிச்சா எப்படிய்யா மேல வேகும்?" என்று விறகை இழுத்துவிட்டு, சிரட்டைத் தணலை அள்ளி மூடிமேல் போட்டாள். இருபத்தைந்து நிமிடம். மூடியைத் திறந்தபோது தெரு முழுக்க மணத்தது!

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். ரொட்டி கட்டையாவது காய்ந்துபோவதால் மட்டும் அல்ல. வேகும்போது தண்ணீரை வாங்கி இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல இறுகுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அந்த இறுக்கம் விட்டுவிடுகிறது. ஆம் நண்பர்களே! எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா இட்லிச் சட்டியில் செய்ததும் இதுதான்.

விடுதியில் சில பேர் வீட்டுப் பலகாரத்தைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒளிக்காதீர்கள். வெளியே எடுங்கள், எனக்கும் கொடுங்கள்!

அன்றைக்கு அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "பழசுன்னு சொன்னா யாருய்யா நம்புவா?" என்றாள். பாட்டிக்கு ஒன்று எடுத்து வைத்தாள். எனக்கோ தொண்டைக்குள் இறங்கவில்லை. கம்மாயில் வீசியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இந்த மலர் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோவேன். மகன் எழுதியதை அம்மா கேட்காமல் விடமாட்டாள். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கம்மாய் வருகிற இடத்தையும் விடாமல் வாசித்துவிட வேண்டும்.