ஓட்டமும் கொடையும்

42.195 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டமான மாரத்தான், ஓடுபவரின் உழைப்பை முன்னிட்டு உற்றாரும் நண்பரும் நிதியளிக்கும் அறச்செயலாக வளர்ந்ததில், எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்சுக்குப் பெரும்பங்கு உண்டு. செயற்கைக் காலுடன் 1980இல் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தொலைவை ஓடிய அவர், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143ஆம் நாளில் ஓட்டத்தை நிறுத்தினார். மறு ஆண்டு மறைந்த அவர் பெயரால், வெற்றி தோல்வி பாராத நிதி ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடத்தப்பட்டுள்ளது.

தென்சென்னைக்கு இத்தகைய கொடை புதிதன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால், இந்திய மாதர் சங்கம் திரட்டிய நன்கொடையைக் கொண்டு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் புறநகர்களில் விடியற்காலையில் ஓடிப் பழகுவோர் இந்த மரபைத் தொடர இயலும். அறுவை, கதிர்வீச்சு, வேதிமருந்து என மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையில், வெளியூர் நோயாளிகளுக்கு மருந்துச் செலவோடு தங்குமிடம், பயணம், கூலியிழப்பு ஆகியனவும் சுமையாவதால், திரட்டப்படும் நிதி அவற்றுக்கும் சென்றடையுமாறு முன்கூட்டியே திட்டமிடுவது இன்றியமையாதது.