ரிசெப்டர் ரிப்போர்ட் வரட்டும்

நான் லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட் அரைப் பக்கத்தைத் தாண்டாது. கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் எத்தனை நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறது, கிரேடு 1, 2, 3-இல் எது, அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டு மாட்டிய இளவட்டம் நான். ஸ்லைடைப் பார்த்தே ஆயுளைச் சொல்லிவிடலாம் என்று ஒரு மிதப்பு. எங்கள் டாக்டரம்மா சிரிப்பார். “சின்னக் கட்டி ஆளையே கொண்டுபோனதையும் பாத்திருக்கேன். பெரிய கட்டியோட வந்தவ பேரன் கல்யாணப் பத்திரிகை நீட்டுனதையும் பாத்திருக்கேன்” என்பார்.

அந்தப் புதிருக்குப் பாதி விடை ஒரு பழுப்புச் சாயத்தில் இருந்தது. மெழுகில் பதித்த திசுவைத் தோல் போலச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவோம். செல்லின் கருவில் பழுப்பு ஏறினால் ஈஆர், பிஆர் எனும் ஹார்மோன் ரிசெப்டர்கள் பாசிட்டிவ். ஹார்மோனைத் தின்று வளரும் கட்டி அது. பெரும்பாலும் நிதானமான ரகம், மாத்திரைக்கு மடங்கும். ஹெர்-2 புரதம் என்றால் பழுப்பு கருவில் இராது, செல்லின் ஓரத்தில் ஏறும். 3+ ஸ்லைடில் ஒவ்வொரு செல்லுக்கும் சேலைக்கு ஜரிகைக் கரை போட்டாற்போல முழு வளையம் தெரியும். 2+ வந்தால் முடிவு சொல்லாமல், மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனைக்கு அனுப்புவோம். இந்த மூன்றுமே இல்லாததுதான் டிரிபிள் நெகட்டிவ். நம் நாட்டுப் பெண்களிடம் மேல்நாட்டைவிட அதிகம் காணப்படுகிறது.

கி-67 என்று இன்னொன்று உண்டு. எத்தனை சதவீத செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். 5-க்குக் கீழே, 30-க்கு மேலே என்றால் நம்பலாம். நடுவில் வரும் எண் லேபுக்கு லேப் மாறும். 18-ஆ 22-ஆ என்று இரவெல்லாம் விழித்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஓய்வுபெற்று பெங்களூரை அடுத்த ஆனேக்கலில் குடியேறிய பிறகும் இந்தச் சாயம் என்னை விடவில்லை. பட்டுத்தறி ஓட்டும் வீட்டு அம்மா ஒருத்தர் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு வந்தார். “எந்த ஸ்டேஜுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா.” மகனுக்கோ அந்த வாரமே ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். “எடுத்துப் போட்டுட்டா நிம்மதி சார்.” ரிசெப்டர் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. அது வரட்டும், பிறகு டாக்டரிடம் பேசுங்கள் என்றேன். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. வயதானவர்களுக்கு எதற்கும் பொறுமை சொல்வதுதான் வேலை என்று நினைத்திருப்பான். அவன் வயதில் நானும் அப்படித்தான்.

வந்தது ஹெர்-2, 3+. 1987-இல் அமெரிக்காவில் டெனிஸ் ஸ்லாமன் குழுவினர், ஹெர்-2 மரபணு பெருகிய கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன என்று காட்டினார்கள். அப்போது அது கெட்ட சேதி மட்டுமே. அதே புரதத்தைக் குறிவைத்து 1998-இல் டிராஸ்டுஜுமாப் வந்தது; மூர்க்கத்தின் அடையாளமே மருந்துக்குப் பிடி ஆயிற்று. ஆனால் விலை? எங்கள் லேபில் 3+ எழுதும்போதே, இவர்களால் வாங்க முடியுமா என்றுதான் மனசு கணக்குப் போடும். 2014-இல் பெங்களூரின் பயோகான், கான்மாப் என்ற பெயரில் அதன் உயிர்ஒத்த மருந்தை (பயோசிமிலர்) குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அங்கே அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்த முதல் பயோசிமிலர் அதுதான். பயோகான் பார்க் இருப்பது பொம்மசந்திரா–ஜிகனி லிங்க் ரோட்டில், எங்கள் ஆனேக்கல் தாலுகாவிலேயே. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதும், “நம்ம பக்கத்துலயா!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அவருக்கு முதலில் கீமோவோடு இந்த ஊசி, கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன், அதற்கப்புறமும் ஊசி. எல்லாம் சேர்ந்து ஒரு வருஷம். இதயம் தாங்குகிறதா என்று நடுநடுவே எக்கோ. அவசரப்பட்டு முதலிலேயே அறுத்திருந்தால், கட்டி மருந்துக்குச் சுருங்குகிறதா என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு போயிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் கோபம் வரும். சின்ன நர்சிங் ஹோம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த கட்டியை வெறும் சலைனில் போட்டு, மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். திசு கெட்டுப்போனால் பழுப்பு ஏறாது. இருக்கிற ரிசெப்டரும் இல்லையென்று வரும். ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய மருந்து, ஃபார்மலின் இல்லாத பாட்டிலால் கிடைக்காமல் போகலாம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில், கட்டி நன்றாக மூழ்கும்படி போட வேண்டும்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஃபார்மலினில்தானே போட்டீர்கள்? ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் வந்துவிட்டதா? வேறு டாக்டரிடம் போவதானால் அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள்.