தண்ணீராகாத காற்று

திருவொற்றியூர்ப் பக்கம் பவர் பிளான்ட் வேலை என்றாலே பாய்லர் வேலை என்றுதான் நினைப்பார்கள். நானும் அந்த நினைப்போடுதான் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் டர்பைன் ஹவுஸில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். என்னை நிறுத்தியது எஜெக்டர் பக்கத்தில்.

ஃபோர்மேன் அண்ணன் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் தொழில் பழகியவர். 1970-இல் ஓடத் தொடங்கி, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017-இல் மூடப்பட்ட நிலையம் அது.

டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் ஆவி கன்டென்சரில் தண்ணீராகும்போது சுருங்குவதால்தான் உள்ளே வேக்குவம் பிடிக்கிறது. ஃபிளேஞ்ச், கிளாண்ட், வால்வுத் தண்டு என்று எங்கெங்கோ புகுந்துவிடும் வெளிக்காற்று மட்டும் தண்ணீராகாது. குளிர்ந்த குழாய்களைப் போர்வை மாதிரி சுற்றிக்கொண்டு, அடுத்து வரும் ஆவியைக் குழாயில் படவிடாது. வேக்குவம் இறங்கும், லோடும் இறங்கும். அந்தக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் எஜெக்டரின் வேலை.

"வேக்குவம் விழுந்தா ஒடனே எஜெக்டர்ல கைய வைக்காத தம்பி. தெர்மாமீட்டர் இன்னா சொல்லுதுன்னு பாரு" என்பார் ஃபோர்மேன் அண்ணன். பாதரசக் கணக்கில் 700 மில்லிமீட்டர் வேக்குவம் என்றால் உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 60. வெறும் ஆவியாக இருந்தால் அதற்கு 41 டிகிரி சொச்சம் காட்ட வேண்டும். காற்றை உறிஞ்சும் குழாய் வாயில் நாலைந்து டிகிரி குறைவது சகஜம். 32 காட்டினால்? அந்தச் சூட்டில் ஆவியின் பங்கு 36 மில்லிமீட்டர்தான். பாக்கி 24-ம் காற்று. சூடும் அழுத்தமும் ஒத்துப்போனால் காற்றின் மேல் பழி போடாமல் கூலிங் வாட்டரைப் பார்க்கப் போகலாம். இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடவிட்டார்.

அடுத்தது ஓட்டை தேடுவது. அந்தக் காலத்தில் மெழுகுவத்தியை ஃபிளேஞ்ச் ஓரமாக நகர்த்துவார்களாம். காற்று உள்ளே போகும் இடத்தில் சுடர் சாயும். ஜெனரேட்டரை ஹைட்ரஜனால் குளிர்விக்கும் இடத்தில் அந்த வித்தைக்கு வழியே இல்லை. நாங்கள் பூசியது ஷேவிங் நுரை. ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரை குழிந்து உள்ளே இழுபடும்.

எஜெக்டரைப் பிரித்தால் ஏமாற்றமாக இருக்கும். சுற்றுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. நாசிலின் குறுகிய தொண்டையைத் தாண்டி ஒலியை மிஞ்சும் வேகத்தில் சீறும் ஆவி, காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. டிஃப்யூசரில் வேகம் தணிந்து அழுத்தம் ஏறுகிறது. ஒரே மூச்சில் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்ட முடியாததால் இரண்டு கட்டம். நடுவில் ஒரு குட்டிக் கன்டென்சர். நாசிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொண்டை அரித்திருக்கிறதா, உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலையில் பாதி.

புவிவெப்ப மின் நிலையங்களிலும் இதே எஜெக்டர்தான். ஆனால் அங்கே நுரை பூசித் தீராது. பூமிக்குள்ளிருந்து வரும் ஆவியே வாயுவைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது: பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு, கூடவே அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு. இழுத்து வெளியே விட்டால் ஊர் தாங்காது. கலிஃபோர்னியாவின் கீசர்ஸில் சல்ஃபைடைக் கந்தகமாக்கிப் பிரிக்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஹெட்லிஷெய்தியில் இரண்டு வாயுவையும் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால் அங்கேயே கல்லாகிவிடுகிறது.

வாயு அதிகமானால் எஜெக்டர் தின்னும் ஆவியும் அதிகம். டர்பைனுக்குப் போக வேண்டிய ஆவி அது. அதனால் இரண்டாம் கட்டத்துக்கு வேக்குவம் பம்பு வைப்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் அதுதான் சரி. பம்பின் பேரிங்கை மாற்றப் போகிறவன் வேறு மாதிரி சொல்வான்.