சேரிக்கு எதுக்கு செவ்வாய்க் கிரகம்?

காவேரிப்பட்டினத்தில் நாங்க நாலு பேர் சேர்ந்து சின்னதா ஒரு பதிப்பகம் தொடங்கப் போறோம். விஞ்ஞானக் கதை விமர்சனம், மருத்துவம், சரித்திரம் எல்லாம் கலந்து போடுவதாகத் திட்டம். "பட்ட கஷ்டத்தை எழுதுங்கப்பா. சேரிக்கு எதுக்கு செவ்வாய்க் கிரகம்?" என்றார் தோழர் ஒருவர். எங்கே போனாலும் நம்மிடம் கண்ணீரைத்தான் கேட்கிறார்கள். அறிவைக் கேட்பதில்லை.

நம்ம சனங்க கண்ணீரை மட்டுமா அச்சடிச்சாங்க? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். மறுவருசம் அது 'தமிழன்' ஆனது. அரசியல், பௌத்தம், சரித்திரம், சித்த மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. 1914இல் அவர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் அதே இதழைக் கோலார் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்தினார். எங்க ஊர்லேர்ந்து குப்பத்தைத் தாண்டினா தங்கவயல். பண்டிதரின் நூல்களை மறுபதிப்பு செய்த சித்தார்த்த புத்தகசாலையும் அங்கேதான் இருந்தது. எங்க தாத்தா மாதிரி சுரங்கத்தில் இறங்கின சனங்கதான் அதுக்கு வாசகர்கள். அவங்ககிட்ட யாரும் 'உனக்கெதுக்கு சரித்திரம்' என்று கேட்டிருக்க முடியுமா?

விஞ்ஞானக் கதை என்பது நாளைய உலகத்துக்கு எழுதுகிற பட்டா. அதில் நம்ம பேர் இருக்கா என்று பார்ப்பதுதான் விமர்சனம். 1905இலேயே பெண்கள் ஆளும் நாட்டைக் கதையாக எழுதினார் வங்கத்து ரொக்கையா. பெரியார் 'இனிவரும் உலகம்' எழுதினார். ராக்கெட் பறக்கிற கதையில் மலக்குழியில் இறங்குறது யாரு? எழுதினவர் அதை மறந்துட்டார்னா, கேக்க வேண்டியது நாமதான்.

அதுக்குத்தான் பதிப்பகம்.